தோள்பட்டை எலும்பு யாருக்கு?

சோங்-கோல் ஏரிக்கரை
ஜூன் 9

மருமகள் மீரிமுக்கு,

உன் கால்நடைகள் நலமா? உனக்கு ஏது கால்நடை, அந்தச் சோம்பேறிப் பூனைதானே. அதுவும் நலமா? வீட்டில் உள்ள உயிர்கள் எல்லாம் நலமா? என் மகன் ஜெனிஷ் வேளைக்குச் சாப்பிடுகிறானா? பேத்தி ஆய்சுலுவை நான் இங்கிருந்தே மூன்று சுற்று சுற்றி வந்து திருஷ்டி கழித்ததாகச் சொல்.

நாங்கள் வியாழக்கிழமை கோடை மேய்ச்சலுக்கு மேலே வந்து சேர்ந்தோம். கணவாயில் இன்னும் பனி. கூடாரம் போட்டாயிற்று. பதினோரு பெண்குதிரைகளில் ஏழு குட்டி போட்டுவிட்டன. என் ஓரகத்தி ஜூராவும் வழக்கம்போல எதிரிலேயே கூடாரம் அடித்திருக்கிறாள். இடையில் அறுபத்து நாலு எட்டு. போன வருஷம் எழுபது. நான் நடந்து அளந்து பார்த்தேன். ஏரி இவ்வளவு பெரிதாகக் கிடக்கிறது, அவளுக்கு என் வாசலுக்கு எதிரில்தான் இடம் கிடைக்கிறது.

மற்ற மருமகள்கள் எல்லாம் குழந்தைகளோடு மேலே வந்துவிட்டார்கள். நீ மட்டும் கீழே நரீனிலேயே உட்கார்ந்து கோடை வகுப்பு எடுக்கப் போகிறாய் என்று ஜெனிஷ் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், பத்துப் பேர் பார்க்க, எனக்குக் கிண்ணம் ததும்பத் ததும்ப டீ ஊற்றி நீட்டினாய். வேண்டியவர்களுக்கு அரைக் கிண்ணம் ஊற்றித் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று சொல்ல வேண்டியவனுக்குத்தான் நிறைய ஊற்றுவார்கள் என்று பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று. இப்போதும் சொல்லவில்லை.

இங்கே போன் எடுக்காது. வண்டிக்காரன் தாலந்த் சனிக்கிழமைகளில் வருவான். அவனிடம் பதில் கொடுத்தனுப்பு. அப்படி என்ன வகுப்பு அது?

உன் அத்தை கலீச்சா

நரீன்
ஜூன் 17

மதிப்புக்குரிய அத்தைக்கு,

பூனை உட்பட எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிரில் வெளியே உட்கார்ந்து பால் கறக்காதீர்கள். ஆய்சுலு உங்கள் கூடாரத்தை வரைந்து அனுப்பியிருக்கிறாள். மேலே பறப்பது கழுகு இல்லையாம், நீங்களாம்.

டீ விஷயத்துக்கு ஏழாவது வருஷமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

என் வகுப்பில் பதினாலு பேர். எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தேற வேண்டும், அப்போதுதான் மேல்படிப்பு. பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை அத்தை. ஆயிரம் சொல் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எழுதினால், படிக்கிற ஆங்கிலேயன் தலையைச் சொறிவான். இலக்கணம் சரியாக இருக்கும், ஆனாலும் அப்படி ஒருவரும் பேசமாட்டார்கள். ஏனென்றால் சொற்களுக்குச் சேர்க்கை உண்டு. நம் பேச்சில் டீயைக் 'கெட்டி' என்போம், அவர்கள் அதைப் 'பலம்' என்பார்கள். நாம் போட்டோவை 'இழுப்போம்', அவர்கள் 'எடுப்பார்கள்'. நம்மைக் குளிர் 'தொடும்', அவர்களோ குளிரைப் 'பிடிப்பார்கள்'.

அதனால் சொல்பட்டியலை நிறுத்திவிட்டு, சேர்ந்தே வரும் சொற்களைச் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறேன். ஒற்றைச் சொல்லை ஒருவரும் நோட்டில் எழுதக்கூடாது, ஜோடியாகத்தான் எழுத வேண்டும். பாடத்தைப் படிக்கும்போது எது எதோடு வருகிறது என்று கோடு போட்டு எடுக்க வேண்டும்.

எங்கள் பயிற்சி நிலையத்துத் தலைவி எல்மிரா அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "முப்பது வருஷமா ஒரு நாளைக்கு முப்பது வார்த்தைன்னு மனப்பாடம் பண்ண வெச்சிருக்கேன். நீ என்ன புதுசா வார்த்தைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறே?" என்கிறார். ஆகஸ்ட் 24-ல் கட்டுரைத் தேர்வு. வெளியூர் ஆள் வந்து திருத்துவார். பதினாலில் ஒன்பது பேராவது தேற வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஆசி வேண்டும்.

பணிவுடன், மீரிம்

சோங்-கோல்
ஜூன் 26

மீரிமுக்கு,

சுகம் கேட்டதாக எடுத்துக்கொள், மாவு பிசைந்த கையோடு எழுதுகிறேன். முட்டி வலிக்கிறது. பறப்பது நான்தான் என்று பேத்தி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

குளிரை எவனாவது ஓடிப்போய்ப் பிடிப்பானா? பைத்தியக்காரக் கூட்டம். உன் கடிதத்தைத் தாலந்துக்கும் படித்துக் காட்டினேன். "பாட்டி, அதான் அவங்களுக்கு எப்பவும் மூக்கு ஒழுகுது. பிடிச்சு வெச்சிருக்காங்கல்ல" என்றான்.

ஆனால் உன் வேலை எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாம் வகுப்போடு நின்றவள் என்று நினைக்காதே. இதில் என்ன புதுசு? ஆட்டை அறுத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதுதான் இது. இடுப்பெலும்பு மூத்த ஆம்பிளைகளுக்கு. வால்பக்கத்து எலும்பு வீட்டை ஆளும் மூத்தவளுக்கு. தோள்பட்டை நடுவாந்தர ஆட்களுக்கு. விலா இளசுகளுக்கு. கழுத்து அடுப்படிக்கு, அதைத் தட்டிலேயே வைக்கக்கூடாது. கறி எல்லாம் ஒரே ஆட்டுக்கறிதான், ருசியும் ஒன்றுதான். ஆனாலும் மாற்றி வைத்தால் விருந்து நாறிப்போகும். உன் சொற்களும் அப்படித்தானே?

மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் பதினொன்று, மாமனாரின் வருஷத் திதி. மாமியார் முன்னமே போய்விட்டார். எனக்கு இருபத்தெட்டு வயசு, வீட்டுச் சாவி என் இடுப்பில். ஜூரா அந்த வசந்தத்தில்தான் கரா-புலாக் ஊரிலிருந்து என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். பச்சைப் பூப்போட்ட முக்காடு, இடது ஓரத்தில் கிழிசல். பெண்கள் கூடாரத்துக்குத் தட்டு எடுத்து வந்தவள் அவள்தான். வால்பக்கத்து எலும்பைக் கொண்டுபோய் ஒன்றுவிட்ட அத்தைக்கு வைத்துவிட்டு, எனக்குத் தோள்பட்டையை வைத்தாள்! வைத்துவிட்டுப் போனாளா என்றால் அதுவும் இல்லை. எனக்கு முன்னால் மண்டியிட்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னவோ நான் அவளுக்குக் கடன்பட்டவள் மாதிரி. நான் தட்டைப் பாத்திரம் கழுவுகிறவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

அன்றிலிருந்து அவளிடம் "குதிரை உன் பக்கம் வந்ததா" என்பதைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

உன் பிள்ளைகளுக்கு எலும்பை வைத்துச் சொல்லிக்கொடு. ஒரு தடவை சொன்னால் போதும். எலும்பை மறக்கிறவன் நம் பக்கத்தில் பிறக்கவில்லை.

கலீச்சா

நரீன்
ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் பொறுமை இல்லை. உங்களைச் சுற்றி வந்து நானே திருஷ்டி கழிக்கிறேன்!

நீங்கள் சொன்னபடியே செய்தேன். அட்டையில் எலும்பு வரைந்து வெட்டினோம். ஒவ்வொரு எலும்பின்மேலும் ஒரு சொல்: கனம், பலம், அடர்த்தி, ஆழம். பிள்ளைகளில் சிலரை விருந்தாளிகளாக உட்கார வைத்தேன். ஒருவன் பெயர் மழை, ஒருத்தி காற்று, ஒருவன் மூடுபனி, ஒருத்தி தூக்கம். பரிமாறுகிறவன் எலும்பை எடுத்துவந்து உரியவருக்கு வைக்க வேண்டும். மழைக்குப் 'பலம்' எழுதிய தோள்பட்டையை வைத்தான் ஒருவன். உடனே மழையாக உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "எனக்கா தோள்பட்டை? எங்க வம்சம் என்ன, வரிசை என்ன? கூப்பிடு உங்க பெரியவரை!" என்று கத்தினான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. ஆங்கிலத்தில் மழைக்குக் 'கனம்', காற்றுக்குத்தான் 'பலம்' என்பதை இனி ஒருவரும் மறக்கமாட்டார்கள். 'ஆழம்' யாருக்கு என்று தேடி, தூங்குகிற மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தவள் மடியில் வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எல்மிரா அக்கா கதவைத் திறந்தார். "இது பள்ளிக்கூடமா, கசாப்புக் கடையா?" என்றார். தூக்கம் மட்டும் விழிக்கவில்லை. அவ்வளவு நன்றாக நடித்தாள்.

அக்கா போகும்போது ஒரு அட்டை எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதை நான் கவனித்தேன்.

பேத்தி உங்களுக்கு முத்தம் அனுப்புகிறாள்.

மீரிம்

சோங்-கோல்
ஜூலை 14

என் குதிரைக்குட்டி மீரிமுக்கு,

(இப்படி உன்னை இதுவரை அழைத்ததில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.)

உயிரும் உடைமையும் நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழையாக உட்கார்ந்த பிள்ளையிடம் சொல், அவன் என் சாதி.

அட்டை எலும்பு என்ன எலும்பு? தாலந்திடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். போன வாரம் அறுத்த ஆட்டின் எலும்பு, ஒன்று விடாமல். வேகவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, நாலு நாள் வெயிலில் காயவைத்தது. மணக்காது. கழுத்தையும் வைத்திருக்கிறேன். தப்பாக எழுதுகிறவனுக்குக் கழுத்தைக் கொடு.

இப்போது ஒன்று கேட்கிறேன். எனக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாலும் தெரியும், தாளில் சொல்லாமல் விட்டாலும் தெரியும். மூட்டையைக் கொடுத்தபோது தாலந்த் தலையைச் சொறிந்தான்.

"பாட்டி, ஆகஸ்ட் கடைசியில நான் எலும்பு எல்லாம் ஏத்த முடியாது. பெரிய வண்டிய உங்க மருமக கேட்டுருக்கா."

"எதுக்குடா?"

"சாமான் ஏத்த. பிஷ்கெக்குக்கு."

"யாரு சாமான்?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? அப்ப நானும் ஒண்ணும் சொல்லல, நீங்களும் ஒண்ணும் கேக்கல."

ஓடிவிட்டான், போகிற அவசரத்தில் என் பால்ஜாடியையும் உடைத்துவிட்டான். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்பது பேர் தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீ எனக்கு எழுதவே இல்லை.

கலீச்சா

நரீன்
ஜூலை 24

அத்தைக்கு வணக்கத்துடன்,

எல்லோரும் நலம். மூட்டை வந்தது. பிள்ளைகள் எலும்பை வாங்கி முகர்ந்து பார்த்து, "அருமையான ஆடு டீச்சர், வீணாப் போச்சே" என்று வருத்தப்பட்டார்கள்.

சொல்லாமல் விட்டது தப்புத்தான். ஒன்பது பேர் தேறாவிட்டால் எல்மிரா அக்கா வகுப்பை மூடிவிடுவார். எனக்கு இங்கே வேறு வேலை இல்லை. என் அம்மா பிஷ்கெக்கில் ஒரு பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறார். ஜெனிஷும் மாற்றல் கேட்பார். ஆய்சுலு செப்டம்பரில் அங்கேதான் முதல் வகுப்பில் சேர்வாள். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நரீனில் இருந்தாலாவது பனிக்காலத்தில் நீங்கள் இறங்கி வந்தால் பேத்தி பக்கத்தில் இருப்பாள்.

நேற்று ஒத்திகைத் தேர்வு வைத்தேன். ஆறு பேர்தான் தேறினார்கள். விளையாட்டில் எல்லாம் சரியாக வைக்கிறார்கள். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் பழையபடி டீ கெட்டியாகிவிடுகிறது, குளிர் வந்து தொட்டுவிடுகிறது. தாள் முழுக்கச் சிவப்பு மசி. ஒருத்தி என் கண் எதிரிலேயே அழுதாள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. உங்கள் எலும்புகளை வைத்து விளையாடும் முன், நிஜ விருந்தில் எது யாருக்கு என்று ஒரு சுற்று வைக்கச் சொன்னேன். நாஸ்குல் என்று ஒரு பெண், வாய் திறக்காதவள். வீட்டுச் சாவி வைத்திருக்கும் மூத்த மருமகளுக்குத் தோள்பட்டையைக் கொண்டுபோய் வைத்தாள். எல்லோரும் 'ஹோ' என்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? எங்க பக்கம் தோள்பட்டைய யாரும் தனியாத் தின்னவே மாட்டாங்க. புதுசா வந்த மருமக, தனக்குப் பிடிச்ச ஓரகத்திக்குத்தான் அதைக் குடுப்பா. குடுத்துட்டு முன்னால உக்காந்து கை நீட்டுவா. மூத்தவ ஒரு துண்டு அறுத்து அவ கையில வெக்கணும். அன்னியிலேருந்து ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. உங்க ஊர்ல மரியாதை தெரியலேன்னா நான் என்ன பண்ண?" என்றாள்.

எந்த ஊர் என்று கேட்டேன். கரா-புலாக் என்றாள்.

மீரிம்

நரீன்
ஆகஸ்ட் 7

அத்தைக்கு,

இரண்டு சனிக்கிழமையாகத் தாலந்த் வெறுங்கையோடு வருகிறான். உடம்புக்கு ஒன்றுமில்லையே? "பாட்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா திட்டவே மாட்டேங்குது, எனக்குப் பயமா இருக்கு" என்கிறான். நான் எழுதியது மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

மீரிம்

சோங்-கோல்
ஆகஸ்ட் 12

மீரிமுக்கு,

நான் நலம். குதிரைகள் நலம். கடைசிக் குட்டி நெற்றியில் வெள்ளையோடு பிறந்தது. நாலு நாள் ஆலங்கட்டி. வேலை இருந்தது, அதனால் எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

இந்த வாரம் பாலாடை நன்றாக வந்திருக்கிறது. ஜூரா அடுப்பில் காய்ச்சியது, அவளுக்குப் பாலைக் கிளறாமல் விடுகிற பொறுமை உண்டு. ஒரு ஜாடி உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஜாடியும் அவளுடையதுதான், திருப்பி அனுப்பு.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தச் சிவப்பு மசியைத் தூக்கி ஆற்றில் போடு.

உன் பிள்ளைகள் தப்பாக வைக்கவில்லை. அவரவர் அம்மா வீட்டில் எப்படி வைப்பார்களோ அப்படி வைக்கிறார்கள். டீ கெட்டி என்று எழுதுகிற பிள்ளை முட்டாள் இல்லை, அவன் வீட்டில் டீ கெட்டிதான். நீ அதன்மேல் கோடு கிழித்தால் அவன் அம்மாமேல் கோடு கிழித்த மாதிரி. வெட்கப்பட்டுப் போகிறான். வெட்கப்பட்டவனுக்கு ஒன்றும் நினைவில் நிற்காது, வெட்கம் மட்டும்தான் நிற்கும். அது முப்பத்தெட்டு வருஷம் நிற்கும்.

முதலில் கேள்: "உங்க வீட்ல இதை எப்படிச் சொல்லுவீங்க?" அதை எழுதச் சொல். பக்கத்திலேயே கோடு போட்டு, "அவங்க வீட்ல இப்படி" என்று எழுதச் சொல். இரண்டு வீடும் நேருக்கு நேர் நிற்கட்டும். இங்கே குளிர் நம்மைத் தொடும், அங்கே போனால் அவர்கள் அதைப் பிடிப்பார்கள். போன வீட்டில் அந்த வீட்டு வழக்கப்படி வை, திரும்பி வந்தால் நம் வழக்கப்படி வை. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

கேட்காமல் விட்டால்தான் கெடுதல். இதை நான் பொதுவாகச் சொல்கிறேன்.

அந்த நாஸ்குல் பெண்ணுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு பிடி கற்கண்டு வாங்கிக் கொடு. ஏன் என்று கேட்காதே.

தாலந்தின் பெரிய வண்டியை நான் வேறு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கிடைக்காது.

கலீச்சா

நரீன்
ஆகஸ்ட் 30

என் அத்தைக்கு,

சுகம் விசாரிப்பு அப்புறம். பன்னிரண்டு!

பதினாலில் பன்னிரண்டு பேர், அத்தை! படியில் நின்று பட்டியலைப் படித்தார்கள், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மழையாக நடித்தவன் என்னைத் தூக்கியே விட்டான். தேறாத இரண்டு பேரில் ஒருவன் தேர்வன்று காய்ச்சலில் படுத்திருந்தான். குளிரைப் பிடித்துவிட்டான்!

நீங்கள் எழுதியபடியே ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டோம். இடது பக்கம் 'எங்கள் வீடு', வலது பக்கம் 'அவர்கள் வீடு'. பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பாட்டிகளைக் கேட்டு இடது பக்கத்தை நிரப்பினார்கள். நாம் மனதைத் 'திருப்புகிறோம்', அவர்கள் கவனத்துக்கு 'விலை கொடுக்கிறார்கள்'. நாம் வாக்கில் 'நிற்கிறோம்', அவர்கள் வாக்கை 'வைத்துக்கொள்கிறார்கள்'. "எங்கே டீச்சர் வெச்சுப்பாங்க, பெட்டியிலயா?" என்று ஒரு மணி நேரம் சண்டை. அப்படிச் சண்டை போட்டதெல்லாம் தாளில் அப்படியே வந்து விழுந்தது.

கட்டுரைக்குத் தலைப்பு, 'மோசமான வானிலையில் ஒரு நாள்'. நாஸ்குல் ஏரிக்கரையில் புயல் வந்ததை எழுதினாள். மழை கனமாகவே பெய்தது, காற்று பலமாகவே அடித்தது, மூடுபனி அடர்த்தியாகவே இறங்கியது. திருத்த வந்தவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு எந்த நாட்டுல வளர்ந்தா?" என்று கேட்டார். எல்மிரா அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்க நிலையத்தோட தனி முறை" என்றார். வகுப்பு தொடர்கிறது. அக்கா ஒரு இடுப்பெலும்பைத் தன் மேஜைமேல் தாள் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். கேட்டால் தருவதில்லை.

ஆய்சுலு நாளன்றைக்கு இங்கேயே பள்ளியில் சேர்கிறாள். வெள்ளை ரிப்பன் வாங்கியாயிற்று.

இன்னொன்று. பிள்ளைகளோடு நானும் ஒரு நோட்டுப் போட்டேன். 'எங்கள் வீடு' பக்கத்தில் முதல் வரியாக இதை எழுதினேன்: என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். கீழே இறங்கினால் எட்டு மணி நேரம் டீ கிடையாது. அம்மா அவருக்குக் கிண்ணம் ததும்ப ஊற்றிக் கொடுப்பாள். "நிறைய ஊத்தினா நிறைவாத் திரும்பி வருவார்" என்பாள். எங்கள் வீட்டில் மிகவும் வேண்டியவருக்கு அப்படித்தான் ஊற்றுவோம்.

வலது பக்கத்தில் உங்கள் வீட்டு வழக்கத்தை எழுதினேன். ஏழு வருஷமாக இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மீரிம்

சோங்-கோல்
செப்டம்பர் 6

என் குதிரைக்குட்டி மீரிமுக்கு,

உன்னையும், வெள்ளை ரிப்பனையும், உன் பன்னிரண்டு பிள்ளைகளையும், காய்ச்சல்காரனையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி வருகிறேன். உயிர்கள் நலம். கூடாரம் நாளை இறங்குகிறது, அதனால் இதுதான் மேலிருந்து எழுதும் கடைசித் தாள். எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்று நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் ஞாபகத்தைப் பற்றி நான் பெருமை பேசாத நாள் இல்லை. முக்காட்டின் கிழிசல் வரைக்கும் ஞாபகம் இருந்தது. நீட்டிய கையும் ஞாபகம் இருந்தது. அது ஏன் நீண்டது என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் முப்பத்தெட்டு வருஷமாகத் தோன்றவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் காலை ஒரு ஆட்டை அறுத்தேன். தோள்பட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு அறுபத்து நாலு எட்டு நடந்தேன். ஜூரா வாசலில் குதிரைக்குட்டிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"குதிரை ஒண்ணும் இந்தப் பக்கம் வரலியே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"குதிரைய யாரு கேட்டா? கைய நீட்டுடி."

தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கயிறு கீழே விழுந்துவிட்டது. நான் கத்தியை எடுத்து, கொழுப்போடு சேர்ந்த நல்ல துண்டாக அறுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"அக்கா," என்றாள், "முப்பத்தெட்டு வருஷமா நீட்டின கை. தோள் கழண்டு போச்சு."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அப்புறம் அரைநாள் சண்டை போட்டோம். மனம் நிறைந்து போட்டோம். தட்டை நான் தள்ளியதிலிருந்து தொடங்கி, அவள் மகள் கல்யாணத்துக்கு நான் முகம் காட்டிவிட்டு மட்டும் வந்தது வரைக்கும் வரிசையாக எடுத்தாள். எனக்கு ஈடாக ஞாபகம் வைத்திருக்கிறவள் இந்த மலையில் அவள் ஒருத்திதான். இதை முன்னமே தெரிந்துகொண்டிருந்தால் எத்தனை கோடை பொழுது போயிருக்கும்! வருஷா வருஷம் அவள் கூடாரம் ஆறு எட்டு நெருங்கி வந்தது நான் நினைத்தபடி திமிர் இல்லையாம். அப்படியே வந்தால் பதினோரு வருஷத்தில் என் வாசலுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாளாம். எனக்கு அப்போது எழுபத்தேழு ஆகியிருக்கும். அதுவரைக்கும் நான் இருப்பேன் என்று நம்பியிருக்கிறாள் பார், அதுதான் மரியாதை.

அடுத்த வருஷம் குதிரைக்குட்டிகளைக் கட்டிவைக்க இரண்டு கூடாரத்துக்கும் சேர்த்து ஒரே கயிறு கட்டப் போகிறோம்.

தாலந்தின் பெரிய வண்டி எதற்கு என்று கேட்டாயே, கேட்கவில்லையா, சரி. நாளை என் சாமானும் ஜூரா சாமானும் அதில்தான் இறங்குகிறது. இரண்டு பேரும் நேராக நரீனுக்கு, உன் வீட்டுக்குத்தான் வருகிறோம். பேத்தியை ரிப்பனோடு பார்க்க வேண்டும். ஒரு ஆடும் வருகிறது. நாஸ்குலைக் கூப்பிட்டு வை, அவள் ஊர் வழக்கப்படி அவளே பரிமாறட்டும். எல்மிராவையும் கூப்பிடு, அந்த இடுப்பெலும்பைக் கையோடு கொண்டு வரச் சொல்.

எல்லாக் கோபத்தையும் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அப்புறம் எனக்கு என்ன வேலை? தாலந்த் உடைத்த பால்ஜாடி இன்னும் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக டீ. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும், பத்துப் பேர் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கிண்ணம் ததும்ப ஊற்று. சிந்தினாலும் சிந்தட்டும். யாராவது என்னவென்று கேட்டால், எங்கள் வீட்டு வழக்கம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அத்தை
கலீச்சா